பினாங்குக்காரர் பொம்மை

உ
சிவமயம்

மாம்பலம், சென்னை
கீலக வருஷம், மார்கழி 4

அன்புள்ள தங்கை சீதைக்கு,

பட்டணத்துக்கு வந்து சேர்ந்த உன் ஆச்சி தேனம்மை, எங்கள் நலம் சொல்லி உங்கள் நலம் கேட்டு எழுதுவது. காரைக்குடியில் நீ ஏற்றிவிட்ட ரயில் நல்லபடியாக எழும்பூர் வந்து சேர்ந்தது. ஏகப்பனும் உமையாளும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள். மருமகளுக்கு மசக்கை ஓய்ந்து முகம் தெளிந்திருக்கிறது. நீ கொடுத்துவிட்ட சீப்புச் சீடையில் பாதியை வீட்டுக்கு வரும்வரைகூடப் பொறுக்காமல் டாக்சியிலேயே தின்றுவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி தின்றால் நல்லதுதான்.

ஏகப்பன் இந்த ஒரு மாதத்துக்குப் போட்டிருக்கும் திட்டத்தைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலால் எழுதுகிறான். முதலில் பாட்டுக் கச்சேரிகள். பிறகு நாட்டியமும் நாடகங்களும். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்க்கஸ், பொருட்காட்சி, மகாபலிபுரம். உயிர் காலேஜும் செத்த காலேஜும் ஒரே நாளில் என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிருகங்களை உயிரோடு வைத்திருக்கிற இடம் உயிர் காலேஜாம், பாடம் பண்ணிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிற மியூசியம் செத்த காலேஜாம். இந்த ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். உயிரோடு இருப்பதை மட்டும் பார்த்தால் போதுமே அப்பா என்றேன். "ரெண்டையும் பாத்துருவோம் ஆத்தா, ஒரு நாளும் சும்மா இருக்கப்படாது" என்றான்.

சும்மா இருந்தால் நான் எதை நினைப்பேன் என்று அவனுக்குத் தெரியும். ஊரில் பங்காளிகள் பேசியதை நீயும்தான் கேட்டாய். வருகிற தையில் அவுகளுக்கு அறுபது. ஆள் இருந்தால் சாந்திக் கல்யாணம் செய்யவேண்டும், இல்லையென்றால் காரியம் செய்து முடிக்கவேண்டும், இரண்டும் இல்லாமல் வீட்டில் எப்படிப் பேரப்பிள்ளைக்கு நல்லது நடத்துவது என்கிறார்கள். ஏகப்பனை வயிற்றில் சுமந்துகொண்டு நான் நிற்க, பினாங்குக்குக் கப்பலேறினவுக. மூன்றாம் மாதமே ஜப்பான்காரன் சண்டை வந்து கடிதாசி நின்றது. பிள்ளை பிறந்ததற்குப் போட்ட கடிதாசி திரும்பியே வந்துவிட்டது. செத்தார் என்று வந்து சொன்னவரும் இல்லை, இருக்கிறார் என்று சொன்னவரும் இல்லை. யார் சொன்னதை நம்பி நான் தாலியைக் கழற்றுவது? அந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்கத்தான் பிள்ளை என்னை இங்கே கூட்டிவந்து கச்சேரி கச்சேரியாக எழுதிக்கொண்டிருக்கிறான். நானும் தெரியாததுபோல, சர்க்கஸில் யானை உண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொத்தமங்கலத்து வீட்டை வாரம் ஒருமுறை போய்த் திறந்து வை. மழை பெய்தால் இரண்டாம் கட்டில் ஒழுகும், அண்டாவை இழுத்து வைக்கச் சொல். உன் வீட்டுக்காரருக்கு இருமல் தேவலையா என்று எழுது.

உன் ஆச்சி,
தேனம்மை


சிவமயம்

மாம்பலம்
மார்கழி 13

அன்புள்ள சீதைக்கு,

உன் கடிதம் வந்தது. இருமல் நின்றது அறிந்து சந்தோஷம். நாங்கள் இங்கே பிள்ளையார் நோன்புக்கு நம்மவர்கள் வீட்டில் எல்லோரும் கூடி, எரிகிற திரியோடு மாவை வாயில் போட்டு இழை எடுத்துக்கொண்டோம். வழக்கம்போல அவுகளுக்கும் ஒரு இழை பிடித்து வைத்தேன். உமையாள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அடக்கமான பெண்.

கச்சேரிகள் நன்றாகத்தான் இருந்தன. பாட்டைவிட எனக்குக் கூட்டம்தான் வேடிக்கை. பட்டுப்புடவைக்காரிகள் தாளம் போடுகிற கையாலேயே வளையலையும் காட்டிக்கொள்கிறார்கள். சபா கேன்டீனில் ரவா தோசைக்கு நிற்கிற கூட்டம் பாட்டுக்கு இல்லை. சர்க்கஸில் யானை கிரிக்கெட் ஆடியது. இதெல்லாம் ஊருக்கு வந்து விவரமாகச் சொல்கிறேன்.

வேறொன்று எழுதவேண்டும். படித்ததும் மடித்து உள்ளே வைத்துவிடு. உன் வீட்டுக்காரரிடம் இப்போது சொல்லவேண்டாம்.

சென்ற வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு நாடகத்துக்குப் போனோம். போன பிறகுதான் முக்கிய நடிகருக்கு உடம்பு சரியில்லை, அதற்குப் பதில் பல்சுவை நிகழ்ச்சி என்று சொன்னார்கள். திரும்பிவிடலாம் என்றான் ஏகப்பன். வந்தது வந்தோம் என்று நான்தான் உட்காரச் சொன்னேன். ஒருவர் மாயவித்தை காட்டினார். பிறகு அழகுசுந்தரம் என்ற ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர், நாற்பத்தைந்து வயது இருக்கும். பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை அசைக்காமல் அதைப் பேச வைக்கிறவர். முதலில் ஒரு சிறுபெண் பொம்மை. அது அவரையே கேலி செய்தது. எல்லோரும் சிரித்தோம்.

அடுத்து ஒரு தகரப் பெட்டியைத் திறந்து இன்னொரு பொம்மையை எடுத்தார். பினாங்குக்காரர் என்று அதற்குப் பேர். நெற்றி நிறையத் திருநீறு, காதில் கடுக்கன், வெள்ளைச் சட்டை. கப்பலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வழி தெரியாமல் துறைமுகத்திலேயே சுற்றுகிற செட்டியார் என்று வேடிக்கை. நம்மவர்களைக் கேலி செய்கிறார்களே என்று முகத்தைச் சுளித்தேன். அதற்குள் பொம்மை வாயைத் திறந்தது.

சீதை, அது அவுக குரல்.

பேசுமுன் தொண்டையை லேசாகச் செருமுவது, வாக்கியத்தின் கடைசியை மூக்கால் இழுத்து விடுவது, எல்லாம் அப்படியே. இருபத்தேழு வருஷமாக நினைத்து நினைத்துப் பார்த்தும் எனக்குத் திரும்ப வராமலே இருந்த குரல். முகத்துக்குப் படம் இருக்கிறது, குரலுக்கு என்ன இருக்கிறது? அது மறந்துபோயிற்று என்றே நினைத்திருந்தேன். முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

யாரோ ஒருவருக்கு ஒரே மாதிரி குரல் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்தப் பொம்மை செருமிக்கொண்டு, "ஏ பள்ளத்தூரு, செம்புல தண்ணி கொண்டா, நாக்கு வறளுது" என்றது. சபை சிரித்தது. அவுக என்னை நாம் பிறந்த ஊர்ப் பேர் சொல்லிக் கூப்பிடுவது உனக்குத் தெரியும். மறுவீடு வந்தபோது நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். உன்னையும் என்னையும் தவிர அது யாருக்குத் தெரியும்?

நான் எழுந்து நின்றுவிட்டேனாம். உமையாள் சொன்னாள். புழுக்கமாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி வந்துவிட்டேன். ஏகப்பன் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவனிடம் எதைச் சொல்ல? அவன் அந்தக் குரலைக் கேட்டதே இல்லையே. அவனும் சிரித்தான், சீதை. எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான்.

மறுநாள் காலண்டரில் இருந்த நாட்டியத்துக்கு நான் போகவில்லை. நீ கேட்டிருக்கிறாயே அவுக பேச்சை, எனக்குப் பைத்தியம் இல்லை என்று ஒரு வரி எழுது.

உன் ஆச்சி,
தேனம்மை


சிவமயம்

மாம்பலம்
மார்கழி 21

அன்புள்ள சீதைக்கு,

உன் பதில் கிடைத்தது. உலகத்தில் ஒரே குரலில் எத்தனையோ பேர் பேசுவார்கள், மனசைப் போட்டு உழப்பாதே என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை மட்டும் மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறாய்.

அந்த அழகுசுந்தரம் பொருட்காட்சி அரங்கத்திலும் நிகழ்ச்சி நடத்துகிறார் என்று உமையாள் பேப்பரில் பார்த்துச் சொன்னாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏகப்பன் ஆபீஸுக்குப் போன பிறகு, பகல் காட்சிக்கு நாங்கள் இருவரும் போனோம். முன்னால் போய் உட்கார்ந்தோம்.

சிறுபெண் பொம்மை பேசிக்கொண்டிருந்தது. பினாங்குக்காரர் இன்னும் தகரப் பெட்டிக்குள்தான் இருந்தார். பெட்டி மூடி, கொக்கி மாட்டியிருந்தது. அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு செருமல் கேட்டது. பிறகு, "ஏகப்பன் வந்துட்டானா?" என்று கேட்டது.

கூட்டம் கைதட்டியது. அதுவும் வித்தையில் சேர்ந்தது என்று நினைத்திருப்பார்கள். நான் அழகுசுந்தரத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்த பொம்மையின் தலை ஒருபக்கம் தொங்கிவிட்டது. அதைச் சரிசெய்யக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அந்தப் பெட்டியைத் திறக்காமலே முடித்துக்கொண்டு போய்விட்டார். உமையாள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கக்கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

மூத்த பிள்ளைக்குப் பாட்டனார் பேர் வைப்பது நம் வழக்கம். ஆண்பிள்ளை பிறந்தால் ஏகப்பன்தான் என்று அவுகளுக்குத் தெரியும். ஆனால் பிறந்தது தெரியாது. இதை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அரங்கத்தில் விசாரித்து, திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில் அவர் வீட்டைக் கண்டுபிடித்து நேற்றுப் போனோம். ஒற்றை அறை. தனிக்கட்டை. நான் பள்ளத்தூரில் பிறந்தவள், கொத்தமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள் என்று சொன்னதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பள்ளத்தூருங்கிறது ஒரு ஊருங்களா ஆச்சி? நான் ஆளு பேருன்னு நெனச்சேனே" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவர் மலேயாவில் கெடா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் வந்த பிறகு, ஒருநாள் ஊரில் இலவசமாக சினிமா காட்டப்போவதாகச் சொன்னார்களாம். கொட்டகை நிறைந்ததும் கதவுகளைச் சாத்திவிட்டார்கள். படம் ஓடவே இல்லை. இருந்த ஆண்களையெல்லாம் ரயிலில் ஏற்றி, சயாம் காட்டில் தண்டவாளம் போடக் கொண்டுபோனார்கள். அந்தக் கொட்டகையில் அவருக்குப் பக்கத்தில் ஒரு செட்டியார் இருந்தாராம். பினாங்கில் கடை போன பிறகு அங்கே வந்து ஒதுங்கியவர். "ஊர்லேருந்து கடுதாசி வரல, வீட்டுல இருந்தா மனசு அலையுது, அதான் படம் பாக்க வந்தேன்" என்று சொன்னாராம்.

காட்டில் செட்டியாருக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலில் ஓயாமல் பேசுவார். "எதிர்ல ஒரு பொம்பள நிக்கிற மாதிரி பேசுவாரு ஆச்சி. பள்ளத்தூரும்பாரு, தண்ணி கேப்பாரு. ஏகப்பன் வந்துட்டானா, ஏகப்பன் வந்துட்டானான்னு கேப்பாரு. தம்பியோ வேலையாளோன்னு நெனச்சுக்கிட்டோம்" என்றார். குடிசையில் கிடந்தவர்களெல்லாம் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே தூங்கப் பழகிவிட்டார்கள். ஒருநாள் விடிந்தபோது பேச்சு இல்லை.

சீதை, இதை எழுதுகிறேன், எனக்கு அழுகை வரவில்லை. நேற்றும் வரவில்லை.

அன்றைக்கு அந்தக் குடிசையில் இருந்தவர்களால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லையாம். யாரோ ஒருவர் இவரைப் பார்த்து, நீதான் எல்லாரையும் போலப் பேசிக் காட்டுவாயே, செட்டியார் மாதிரிப் பேசு என்று கெஞ்சினாராம். "வாயத் தொறந்தேன். அவரே பேசினாரு. அதுலேருந்து எங்கிட்டத்தான் இருக்காரு" என்றார். அந்தக் குரலை வைத்துத்தான் பின்னால் பொம்மை செய்து பிழைக்க ஆரம்பித்தாராம். ஆனால் ஏகப்பன் பேரை மேடையில் ஒருநாளும் சொன்னதில்லை என்று சத்தியம் செய்கிறார். "அன்னைக்குச் சொன்னது நான் இல்ல ஆச்சி. பெட்டி மூடியிருந்ததை நீங்களே பாத்தீங்க" என்றார்.

கொண்டுபோயிருந்த படத்தை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "மூஞ்சி தெரியாது ஆச்சி. அங்க எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஏகப்பனிடம் உமையாள் சொல்லிவிட்டாள். முதல் தடவையாக அவன் என்னிடம் குரலை உயர்த்தினான். "பொழப்புக்கு ஆயிரம் சொல்லுவாக, நீங்களும் போயி உக்காந்து கேட்டுட்டு வாரீகளா" என்றான். காலண்டரை எடுத்து, மிச்சமிருந்த நாட்களிலெல்லாம் இன்னும் என்னென்னவோ எழுதினான். இன்று என்னை ஒரு நாட்டிய நாடகத்துக்குக் கூட்டிப்போனான். விளக்கை அணைத்து வாசல் கதவைச் சாத்தினார்கள். என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே வந்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, "அந்த ஆளு வீடு எங்கிட்டு இருக்கு ஆத்தா?" என்றான்.

உன் ஆச்சி,
தேனம்மை


சிவமயம்

மாம்பலம்
மார்கழி 26

அன்புள்ள சீதைக்கு,

நானும் ஏகப்பனும் போய்வந்தோம். உமையாளை வீட்டில் விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். சந்தில் பெண்கள் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், எதுவும் இருட்டில் நடக்கவில்லை, யாரும் எங்களை ஏமாற்றவில்லை என்று நீ அறியவேண்டும்.

அழகுசுந்தரம் பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிட்டத்தில் பார்த்தால் பெயிண்ட் உரிந்த வெறும் மரம். ஏகப்பன் கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான். உள்ளே வரவில்லை. அவர் கண்ணை மூடினார். செருமல் கேட்டது.

"பள்ளத்தூரு, ஏகப்பன் வந்துட்டானா?"

பதில் சொல்லவேண்டியவள் நான்தான். வந்தாச்சு, ஐப்பசியில் நீங்கள் போனீர்கள், தையில் பிறந்தான், உங்கள் அப்பச்சி பேரைத்தான் வைத்தேன், படிக்க வைத்தேன், கல்யாணம் செய்து வைத்தேன் என்று இரவெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். நாக்கு எழும்பவில்லை. பொம்மை இரண்டாம் முறையும் கேட்டது. குரலில் அப்படி ஓர் அலுப்பு. கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர் கேட்பதுபோல.

ஏகப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அந்தப் பொம்மைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான்.

"வந்துட்டேன் அப்பச்சி" என்றான்.

பொம்மையின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. ஒரு சத்தமும் வரவில்லை. அழகுசுந்தரம் கண்ணைத் திறந்து கயிற்றை இழுத்தார். வாய் மூடித் திறந்தது, பேச்சு இல்லை. செருமிப் பார்த்தார். பேசிப் பார்த்தார். வந்தது அவருடைய சொந்தக் குரல், மெல்லியதாக, வேற்று ஆளாக. தொண்டையைத் தடவிக்கொண்டே, "போயிட்டாரு ஆச்சி" என்றார். சொந்தத்தைப் பறிகொடுத்தவர்போலத் தேம்பித் தேம்பி அழுதார். நாங்கள் அழவேண்டியதையும் சேர்த்து அவரே அழுதார். ஏகப்பன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பொம்மையை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். வேண்டாம் என்றேன். அதில் இனி என்ன இருக்கிறது. ஊரில் காரியம் நடக்கும்போது வந்து முன்னால் இருக்கவேண்டும் என்று ஏகப்பன் அவரிடம் கேட்டுக்கொண்டான். அவுக முடிவைப் பார்த்தவர் அவர் ஒருவர்தானே. வருகிறேன் என்றிருக்கிறார். அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டுவிட்டு வந்தான் என் பிள்ளை.

மிச்சமிருந்த நாடகங்களின் டிக்கெட்டை உமையாள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். மகாபலிபுரம் இனி ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நேற்றுக் காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் ஏகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏ தேவகோட்டை, என் சட்டைய எங்க வச்சே?" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டான். அவள் பிறந்த ஊர் அதுதான். அப்படி ஒருநாளும் அவன் கூப்பிட்டதில்லை. கேலி செய்கிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. கடைசிச் சொல்லை மூக்கால் இழுத்தான், சீதை. எட்டிப் பார்த்தேன். அவன் தலையை வாரிக்கொண்டிருந்தான். தான் எப்படிப் பேசினோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. இன்றும் இரண்டு முறை கேட்டேன். பயமாக இருக்கிறது. ஆனாலும் அவன் ஆபீஸிலிருந்து வரும் நேரம் ஆனால் வாசலிலேயே போய் நிற்கிறேன். இதை நீ யாரிடமும் சொல்லாதே.

வருகிற வெள்ளிக்கிழமை புறப்பட்டு சனிக்கிழமை காரைக்குடிக்கு வந்துவிடுவோம். உன் வீட்டுக்காரரைப் பங்காளிகளிடம் போய், தேனம்மை சம்மதித்துவிட்டாள் என்று மட்டும் சொல்லச் சொல். எதற்கென்று அவர்களுக்குத் தெரியும். யாரும் என்னிடம் வந்து எதையும் கேட்கவேண்டாம். ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வா. வரும்போது எனக்குப் பூ வாங்கி வராதே. சில நாள் கொத்தமங்கலத்திலேயே என்னோடு தங்கு. அவ்வளவு பெரிய வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை வேண்டும்.

நீ மஞ்சளும் குங்குமமுமாக நீண்டநாள் இருக்கவேண்டும். உன் வீட்டுக்காரர் கையால் உனக்கு எல்லாம் நடக்கவேண்டும். உமையாளை நேற்றே கூப்பிட்டு நெற்றியில் குங்குமம் வைத்து வாழ்த்திவிட்டேன். உன்னை நேரில் வந்து வாழ்த்தலாம் என்றுதான் இருந்தேன். அங்கே வந்து இறங்கியதும் ஆளாளுக்கு நாள் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு சுமங்கலி வாயால் சொல்வதாக இப்போதே எழுதி அனுப்புகிறேன், வாங்கிக்கொள். தீர்க்க சுமங்கலியாக இரு.

உன் ஆச்சி,
தேனம்மை